தண்ணி இல்லாத ஆத்துல கப்பல் விட்டவங்க

ஆத்துல தண்ணி இல்லாம போன அன்னைக்குக் காலையிலயும் கப்பல் வந்துச்சு. அதுகிட்ட யாரும் சொல்லல போல.

ரங்கூன் ஆத்தங்கரையில கயித்துத்துறைன்னு ஒரு இடம், நாங்க இருந்தது அங்கதான், மொதல்ல கல் படி, படிக்கு மேல சாக்கு தைக்கிற கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால எங்க வீடுங்க, வீடுங்களுக்குப் பின்னால காளியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால மத்த ஊரு எல்லாம். அந்தப் படியில வாயில பல்குச்சியோட உக்காந்து அன்னைக்குக் காலையில பாத்தா, இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் வெறும் மணலும் சேறும், நடுவுல நண்டுங்க எங்க போறதுன்னு தெரியாம கூட்டம் போட்டுக்கிட்டு இருக்கு, அந்த நண்டுங்களுக்கு மேல, தண்ணி இருந்திருந்தா எந்த உசரத்துல வந்திருக்குமோ அதே உசரத்துல, சிவப்பு அடிவயித்தைக் காட்டிக்கிட்டு, புகை விட்டுக்கிட்டு, கடல் பக்கம் இருந்து ஒரு சரக்குக் கப்பல் வருது. அதுக்கு முன்னால, எப்பவும் போல, கயித்தைக் கட்டி இழுத்துக்கிட்டு டக்குப் படகு. டக்குன்னா ஆளு குள்ளம், கோவக்காரன், தன்னைவிட பத்து மடங்கு பெரிய கப்பலைக் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வர்ற வாத்தியார் மாதிரி.

"அடியில பெயிண்டு அடிச்சு ரொம்ப நாளாச்சு போல"ன்னார் மொய்தீன் பாய். "பூரா சிப்பி."

அதுதான் அன்னைக்கு அந்த விசயத்தைப் பத்தி எங்க துறையில பேசின மொத வார்த்தை. மொய்தீன் பாய் கப்பல்ல இருந்து மூட்டை இறக்கின ஆளு, ஒரு தடவை கொக்கி தெறிச்சு இடது கண்ணு போனதுல இருந்து படியில உக்காந்து மிச்சம் இருக்கிற கண்ணால பாத்துக்கிட்டு இருக்கிறவரு. பக்கத்துல சாயாக் கடை போட்டிருந்த டோ சீன், டோன்னா பர்மாக்காரங்க பேச்சுல அம்மான்னு வெச்சுக்கலாம், அந்த அம்மா அடுப்பை ஊதிக்கிட்டே எட்டிப் பாத்து, "ஆறு எங்கடா?"ன்னு கேட்டாங்க.

"ஆடி மாசம்ல. அம்மா வீட்டுக்குப் போயிருக்கும்"னு யாரோ சொன்னாங்க. டோ சீனுக்கு அது போதுமா இருந்துச்சு. சாயாவை ஆத்த ஆரம்பிச்சுட்டாங்க.

எங்களுக்குத் தொழில் பல இருந்தாலும் வேலை ஒண்ணுதான், கப்பல் பாக்குறது. வேலை இல்லாதவன் காலையில இருந்து பாப்பான், வேலைக்குப் போனவன் வந்து பாப்பான், பொம்பளைங்க சாக்கு தைச்சுக்கிட்டே பாப்பாங்க, மூட்டை இறக்கிட்டு வந்து அலுத்துப் போனவனும் படியில சாஞ்சு அதே கப்பலைத்தான் பாப்பான். சினிமா பாக்குற ஊர்ல கதாநாயகனைப் பத்திப் பேசிக்குவாங்க, நாங்க சுக்கானிங்களைப் பத்திப் பேசிக்குவோம், சுக்கானின்னா படகோட சக்கரத்தைப் பிடிச்சு ஓட்டுறவன், எவன் திருப்பத்துல பதறுவான், எவன் ஒண்ணு பின்னால ஒண்ணாக் கட்டின பார்ஜுங்களை, பார்ஜுன்னா எஞ்சின் இல்லாத சரக்குப் படகு, வளையாம நெளியாமக் கொண்டாருவான், எவன் துறையைப் பாத்ததும் தேவையில்லாம ஹாரன் அடிச்சு பொண்ணுங்களைத் திரும்பிப் பாக்க வைப்பான், எல்லாம் எங்களுக்குத் தெரியும்.

இதுல ஒரு வழக்கம் உண்டு. நம்ம ஆளு ஒருத்தன் படகுல போனாலும் வந்தாலும், அவன் வீட்டுல ஒருத்தர் கரையில நின்னு, படகு கண்ணுல இருந்து மறையுற வரைக்கும் பார்வையை எடுக்காமப் பாக்கணும். இதுக்குக் கண்ணு குடுக்குறதுன்னு பேரு. மத்த ஊர்ல கண்ணு படும்னு பயந்து பூசணிக்காய் கட்டுவாங்க, புள்ளை கன்னத்துல மை வைப்பாங்க. எங்க துறையில கண்ணு படலைன்னாதான் பயம். எவனாவது பயணத்துல இடிச்சுக்கிட்டு வந்தா, "போறப்ப யாரு கண்ணு குடுத்தது?"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க.

அந்த மொத கப்பல் எங்க படிக்கு நேரா வந்தப்ப, டோ சீன் கடையில பால் பொங்கிருச்சு. "பால்! பால்!"னு அவங்க போட்ட சத்தத்துல நாங்க எல்லாரும் திரும்பிப் பாத்தோம். பின்னால தொப்புன்னு ஒரு சத்தம். திரும்பவும் ஆத்தைப் பாத்தா, கப்பலும் டக்கும் மணல்ல உக்காந்திருக்கு, மேல மாலுமிங்க எங்களைப் பாத்து பல பாஷையில திட்டுறாங்க. நாங்க பாக்கப் பாக்க கப்பல் மெல்ல எழுந்து, பழைய உசரத்துக்கு வந்து, துறைக்குப் போச்சு.

"பாத்துக்கிட்டே இருக்கணும் போல"ன்னார் மொய்தீன் பாய்.

"இவ்வளவு நாளும் அதைத்தானே பண்ணிக்கிட்டு இருந்தோம்"னோம்.

அதோட புரிஞ்சு போச்சு. துறைமுக ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி குடையோட வந்தார், கப்பல் வருதான்னு கேட்டார், வருதுன்னோம், போகுதான்னார், போகுதுன்னோம், அப்ப என்ன பிரச்சனைன்னு கேட்டுட்டுக் குடையை மடக்கிக்கிட்டுப் போயிட்டார்.

பிரச்சனை எதுவும் இல்லைதான், சின்னச் சின்ன விசயங்களைத் தவிர. கண்ணாடி போட்டவங்க பாத்தா கப்பல் கொஞ்சம் பெருசா வந்து துறையில கட்ட இடம் பத்தல, கழட்டிட்டுப் பாத்தா ஓரமெல்லாம் மங்கலா வந்து கப்பல்காரங்க கோவிச்சுக்கிட்டாங்க. மொய்தீன் பாய் தனியாப் பாத்தா கப்பல் இடது பக்கம் சாஞ்சுச்சு, அதனால அவருக்குச் சாஞ்சாலும் சிந்தாத சரக்கா, மரக்கட்டைக் கப்பலா ஒதுக்கிக் குடுத்தோம். படியில உக்காந்து வெங்காயம் உரிக்கக் கூடாதுன்னு ஆச்சு. சாக்குத் தைக்கிற பொம்பளைங்க கையைப் பாக்காமலே தைக்கப் பழகிட்டாங்க. புத்த பிக்குங்க காலையில பிச்சைக்கு வர்றப்ப வரிசையா நின்னு கொஞ்ச நேரம் பாத்துக் குடுத்துட்டுப் போவாங்க, இமைக்காமப் பாக்குறதுல அவங்களுக்குப் பழக்கம் ஜாஸ்தி, அவங்க முறையில வர்ற கப்பல் மேல தண்ணித் தம்ளர் வெச்சாலும் தளும்பாது. அந்த மாசமே துறையில ஒரு கல்யாணம் வந்துச்சு, ஆடின்னு பாக்காம முடிச்ச அவசரக் கல்யாணம், காரணத்தை நாங்க கேக்கல. மாப்பிள்ளை பொண்ணு ஐயரு சனம் எல்லாரும் ஆத்தைப் பாத்தே உக்காந்து, மாப்பிள்ளை கையால தடவிப் பாத்துத் தாலி கட்டினான். சரியான கழுத்துதான்.

ஆத்துக்குள்ள இறங்கி நடக்கவும் ஆரம்பிச்சோம். எங்க படிக்கு எதிர்ல நல்ல கெட்டி மணல். நங்கூரம் கெடச்சுச்சு, சைக்கிள் கெடச்சுச்சு, டோ சீன் புருசன் எப்பவோ தும்மினப்போ விழுந்த பல்செட்டு கெடச்சு அதைக் கழுவி அவரு மறுபடியும் மாட்டிக்கிட்டாரு. தலைக்கு மேல கப்பல் போறப்ப மட்டும் நின்னு, கரையைப் பாத்து, "பாக்குறியா?"ன்னு கத்துவோம். "பாக்குறேன், போ!"ன்னு பதில் வரும். அது வந்துட்டா அந்த நெழல்ல தைரியமா நடப்போம்.

இந்த நேரத்துலதான் கன்னியப்பன் ஆத்தோட மேல் பக்கத்து ஊருங்கள்ல இருந்து திரும்பி வர வேண்டியதா இருந்துச்சு.

கன்னியப்பன் எங்க துறைச் சுக்கானி. ஆறு காணாம போறதுக்கு முன்னாடியே டக்கை எடுத்துக்கிட்டு மேல் ஊருங்களுக்கு அரிசி ஏத்திக்கிட்டு வரப் போனவன். அவன் பொண்டாட்டி மங்கை, சாக்கு தைக்கிறவங்கள்ல ஒருத்தி, கல்யாணம் ஆகி ரெண்டாவது மழைக்காலம். அவன் போன அன்னைக்கு அவளால சரியாக் கண்ணு குடுக்க முடியல. காரணம் வேலி.

படிக்கு மேல் பக்கம், ஆறு வளையுற இடத்துல, ஒரு கிட்டங்கிக் கம்பெனி இருந்துச்சு, கிட்டங்கின்னா அரிசி மூட்டை அடுக்குற பெரிய கட்டடம். அதுக்கு மதராஸ்ல இருந்து புதுசா ஒரு மேனேஜர் வந்தாரு, பத்மநாபன்னு பேரு, நல்ல மனுசன், சட்டையில எப்பவும் ரெண்டு பேனா. அவர் வந்ததும் வராததுமா பார்ஜு இழுக்கிற கயிறு அடுத்தடுத்து அறுந்துச்சு. அவர் வெளியில வந்து பாத்தா, கரை நெடுக நாங்க உக்காந்து அவரோட பார்ஜையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கோம். அவர் ஊருக் கணக்குப்படி அவருக்கு விசயம் வெளங்கிருச்சு. திருஷ்டி. அவ்வளவு பேரு கண்ணு வெச்சா எந்தக் கயிறு தாங்கும்? கரையில நின்ன வாதாமரத்தை வெட்டிட்டு, வளைவு முழுக்க ஆள் உசரத்துக்கு மேல தகர வேலி போட்டு, வேலி மேல மண்டையோடு மாதிரி பூசணிக்காயும் கட்டி விட்டாரு. நாங்க கயிறு அறாம இருக்கத்தான் பாத்தோம்னு அவருக்கு யாரு சொல்றது?

அதனால மங்கை அன்னைக்கு வேலி ஆரம்பிக்கிற வரைக்கும்தான் பாத்தா. அதுக்கு மேல தகரம். "பாதிக் கண்ணுதான் குடுத்தேன்"னு அதுல இருந்து சொல்லிக்கிட்டே இருந்தா.

மேல இருந்து சேதி வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. கன்னியப்பன் கிட்டங்கிக் கம்பெனிக்கு நாலு பார்ஜு அரிசியோட கெளம்பிட்டான், தண்ணி இல்லைன்னா என்ன, வலை காயப்போடுறவங்க, துணி துவைக்கிறவங்க, அரிசி ஆலையில உமி அள்ளுறவங்கன்னு ஒவ்வொரு ஊர்லயும் ஆளுங்க கரைக்கு வந்து, ஒரு ஊருக் கண்ணுல இருந்து அடுத்த ஊருக் கண்ணுக்கு மாத்தி மாத்திக் கைக்கொழந்தை மாதிரி வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்காங்க, நாளைக்கு வந்துருவான். மங்கை குளிச்சு, பூ வெச்சு, விடிஞ்சதுல இருந்து படியில நின்னா. வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டுச்சு. அவனோட ஹாரன்தான், தேவையில்லாம மூணு தடவை. அப்புறம் எருமை சேத்துல உக்கார்ற மாதிரி ஒரு சத்தம். அதுக்கப்புறம் சத்தமே இல்ல.

நாங்க வேலிகிட்ட ஓடினோம். அந்த வளைவுல கெட்டி மணல் கெடையாது, ஆளை விழுங்குற உளை. இறங்கினா தலைமுடிதான் மிஞ்சும். அந்தக் கரையில இருந்து பாக்கலாம்னு சிலர் சுத்திக்கிட்டுப் போனாங்க, ஆனா அது ஒரு மைலுக்கு மேல தூரம், அங்க இருந்து பாத்தா டக்கு எறும்பு அளவு தெரிஞ்சுச்சு, அவங்க பார்வையும் எறும்பைத் தூக்குற அளவுக்குத்தான் தூக்குச்சு.

மங்கை தகரத்துல வாயை வெச்சுக் கத்தினா. "யோவ்! இருக்கியா?"

"இருக்கேன்!"

"எவ்வளவு முங்கியிருக்கு?"

"எஞ்சின் ரூம் ஜன்னல் வரைக்கும்! முங்கிக்கிட்டேதான் இருக்கு! கூரை மேல உக்காந்திருக்கேன்! நீ சாப்பிட்டியா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"பின்ன என்னத்தைக் கேக்குறது? மூஞ்சிகூடத் தெரியல!"

"பலகை கிலகை போட்டு வந்துரேன்யா!"

"இருந்த பலகையை எல்லாம் சேறு தின்னுருச்சு! பார்ஜுல வேற ஆளுங்க இருக்காங்கடி, விட்டுட்டு எப்படி வர்றது?"

"அப்ப அங்க இருக்கிற நீங்க எல்லாருமே படகைப் பாத்துத் தூக்குங்களேன்!"

"நீ உன் முடியைப் பிடிச்சு உன்னையே தூக்கு பாப்போம்!"

மங்கை நேரா மேனேஜர் ரூமுக்குப் போனா. நாங்களும் பின்னால போனோம். பத்மநாபன் மேஜைக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தாரு, அவருக்கும் மூஞ்சி வெளிறித்தான் இருந்துச்சு.

"சார், வேலியை எடுத்துருங்க."

"ஏம்மா, வேலி போட்டதே உங்க கண்ணுக்குப் பயந்துதான். மறுபடியும் அதே கண்ணைக் கொண்டாந்து காட்டுறீங்களே."

"இப்ப அந்தக் கண்ணுலதான் சார் ஆறு ஓடுது."

"அதெல்லாம் யாருடைய கப்பலோ. இது எங்க பார்ஜு."

"பார்ஜு உங்களுது. சுக்கானி என்னுது சார்."

அவர் பேனாவை எடுத்து மறுபடியும் சொருகிக்கிட்டாரு. "மதராஸுக்குத் தந்தி அடிச்சிருக்கேன். முதலாளி சொல்லாம ஒரு ஆணியைக்கூட நான் பிடுங்க முடியாது. பதில் வரட்டும்."

"பதில் வர்றதுக்குள்ள கூரை முங்கிரும்."

"நான் என்னம்மா பண்ணட்டும்? என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டா இந்த ஊர்ல எனக்கு யாரு கண்ணு குடுப்பா?"

"நாங்க குடுப்போம். எங்களுக்கு வேற என்ன வேலை?"

மங்கை அதுக்கு மேல அங்க நிக்கல. வெளியில வந்து வேலிக்கு முன்னால நின்னு, கொண்டையில சொருகியிருந்த கோணூசியை உருவினா. சாக்கு தைக்கிற ஊசி அது, விரல் நீளத்துக்கு ரெண்டு மடங்கு, கனமான ஊசி, எங்க பொம்பளைங்க யாரும் அது இல்லாம வெளிய வர மாட்டாங்க. தகரத்துல ஊசியை வெச்சு, கல்லை எடுத்து ஓங்கி ஒரு போடு. ஓட்டை விழுந்துச்சு. ஊசியைச் சுத்திச் சுத்தி ஓட்டையைப் பெருசாக்கி, கண்ணை வெச்சுப் பாத்தா.

அந்தப் பக்கம் இருந்து சத்தம் வந்துச்சு. "ஏய்! யாரது? படகு ஒரு சாண் ஏறுது!"

"உன் பொண்டாட்டி!"

"நல்லா ரெண்டு கண்ணாலயும் பாருடி!"

"ஒரு ஓட்டையில எப்படிய்யா ரெண்டு கண்ணை வைக்கிறது?"

அவ்வளவுதான். கொண்டையில இருந்து ஊசிங்க உருவின சத்தமும் தகரத்துல கல்லு விழுந்த சத்தமும் ஒண்ணு பின்னால ஒண்ணா வளைவு முழுக்கப் போச்சு. கிட்டங்கிக் காவக்காரன் தடியோட ஓடி வந்து, "வேலியை என்ன பண்றீங்க?"ன்னான்.

மொய்தீன் பாய் சொன்னார், "வேலியில கையே வைக்கல தம்பி. ஓட்டைதான் போடுறோம். ஓட்டையில என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாததுக்கு எப்படிக் கேஸு போடுவ?"

காவக்காரன் யோசிச்சான். அவன் யோசிக்கிறதுக்குள்ள பாய் தனக்குன்னு ஒரு ஓட்டையைப் போட்டு கண்ணை வெச்சுட்டாரு. "ஒரு ஓட்டைக்கு ஒரு கண்ணு. அல்லா எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச வேலை"ன்னாரு.

ஊருக்குள்ள சேதி போச்சு. அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் விக்கிறவங்க கடையை அப்படியே போட்டுட்டு வந்தாங்க, சீனத் தெருவுல செருப்பு தைக்கிறவங்க குத்தூசியோட வந்தாங்க, கோயில் பூசாரி சூலத்தோட வந்தாரு, பிக்குங்க வந்தாங்க, பள்ளிக்கூடம் விட்டு மொத்தப் புள்ளைங்களும் வந்து கீழ வரிசையில ஓட்டை போட்டாங்க, குடை வெச்ச துறைமுக அதிகாரி வந்து அப்ப என்ன பிரச்சனைன்னு கேட்டவரு பதில் வர்றதுக்கு முன்னாடியே குடைக் கம்பியால ஒரு ஓட்டையைக் குத்திக்கிட்டாரு. உக்காந்து பாத்தவங்க, நின்னு பாத்தவங்க, தோள் மேல ஏறிப் பாத்தவங்கன்னு அந்த வளைவு நெடுக ஊரே தகரத்துல மூஞ்சியை ஒட்ட வெச்சுக்கிட்டு நின்னுச்சு, உள்ள ஆத்துல டக்கு மெல்ல மெல்ல, சேறு அதை விட மனசில்லாம சப்புக் கொட்ட, ஜன்னல் தெரிய, வயிறு தெரிய, கீழ தண்ணி தள்ளுற காத்தாடி தெரிய, மேல ஏறி வந்துச்சு. அடுத்து மொத பார்ஜு ஏறுச்சு. ரெண்டாவது ஏறுச்சு. மூணாவதும் ஏறுச்சு.

நாலாவது ஏறல.

எல்லாரும் அதையும் சேத்துத்தான் பாத்தோம், ஏறல. மத்த மூணுலயும் நம்ம பையனுங்க பார்ஜுக்கு ஒருத்தன் கழியோட உக்காந்திருந்தான், ஒருத்தனுக்கு அம்மா இங்க நிக்கிறா, ஒருத்தனுக்கு அண்ணன் நிக்கிறான். நாலாவதுல ஆள் இல்ல. கம்பெனி அரிசி மட்டும்தான். அப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது, சும்மா பாத்தாப் பத்தாது, வந்து சேரணும்னு நெனச்சுப் பாக்கணும்.

"நான் நெனச்சேன்"னாங்க டோ சீன். "அரிசி, அரிசின்னு நெனச்சுத்தான் பாத்தேன், ஒரு விரக்கடை ஏறுச்சு. அப்புறம் அந்த அரிசியை யாரு திங்கப் போறாங்கன்னு நெனப்பு வந்துச்சு. எறங்கிருச்சு."

"அந்தக் கயித்தை மட்டும் அறுத்து விட்ருய்யா!"ன்னு மங்கை கத்தினா.

"நாலைக் கட்டிக்கிட்டுக் கெளம்பினேன். நாலோடதான் வருவேன்!"

"உன் புருசனுக்கு மண்டையில இருக்கிறதும் உளைதான் தங்கச்சி"ன்னார் மொய்தீன் பாய், கண்ணை எடுக்காமலே. மங்கை மறுக்கல. அவ காலையில இருந்து சாப்பிடல, கண்ணு சிவந்து ஊத்துது. இன்னும் எவ்வளவு நேரம் ஒரு ஊரு மொத்தமும் இமைக்காம நிக்கும்? இங்க ஒருத்தர் அங்க ஒருத்தர்னு கண்ணைத் தேய்க்க ஆரம்பிச்சாங்க, தேய்க்கத் தேய்க்க டக்கு விட்டு விட்டு ஆடுச்சு.

அப்ப பத்மநாபன் வெளிய வந்தாரு. தந்திக்குப் பதில் வரல. வேலி நெடுக நடந்தாரு, யாரும் அவரைத் திரும்பிப் பாக்கல, பாக்க முடியாது, எல்லா ஓட்டையிலயும் கண்ணு இருந்துச்சு, கம்பெனி வேலி சல்லடையா இருந்துச்சு. மங்கைகிட்ட வந்து நின்னாரு. மங்கை கண்ணை எடுக்காம, கையை மட்டும் பின்னால நீட்டி, "சார், ஊசி"ன்னா.

"என் கண்ணு பட்டு எதாவது ஆயிருச்சுன்னா?"

"ஆகட்டும்னுதான் சார் குடுக்கிறேன்."

அவர் ஊசியை வாங்கினாரு. கல்லு எடுக்கக் குனியல, ஒரு பூட்ஸைக் கழட்டி அதோட அடியால தட்டினாரு, மொத அடி விரல்ல விழுந்துச்சு, ரெண்டாவதும் விரல்லயே விழுந்துச்சு, அதுக்கப்புறம்தான் தகரத்துல விழுந்துச்சு. ஓட்டையில கண்ணை வெச்சாரு. ஒரு பேனா கீழ விழுந்தது, எடுக்கல. அவர் பார்ஜுங்களைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவருதான், எத்தனை மூட்டை, என்ன ரகம், எப்ப வரும், எல்லாம் உள்ள உக்காந்துக்கிட்டே சொல்லுவாரு, ஆனா ஒரு பார்ஜு ஆத்துல எப்படி வரும்னு ஒரு நாள்கூட நின்னு பாத்தது இல்ல.

அப்புறம், "நல்லாத்தான் இருக்கு"ன்னாரு, தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி. "வந்துரு. வந்துரு சாமி."

நாலாவது பார்ஜு சேத்துல இருந்து ஒரு பெருமூச்சு விட்டுக்கிட்டு மேல வந்துச்சு.

கன்னியப்பன் ஹாரனை அடிச்சான். மூணு தடவை இல்ல, கையை எடுக்காம. டக்கு நகர, கயிறுங்க ஒண்ணொண்ணா விறைக்க, பார்ஜுங்க ஒண்ணொண்ணா நகர, நாங்களும் ஓட்டைக்கு ஓட்டை நகர்ந்தோம், பக்கத்து ஆள் கண்ணு எடுத்த ஓட்டையில அடுத்த ஆளு கண்ணு, அந்த ஆளு விட்ட ஓட்டையில அதுக்கு அடுத்த ஆளு, பூசாரி மேல பிக்கு, பிக்கு மேல மேனேஜர், மேனேஜர் மேல செருப்புத் தைக்கிறவரு, மொத்த ஊரும் ஒரு பக்கமாச் சரிஞ்சு சாயவும், வேலிக் கம்பம் எல்லாம் மடமடன்னு முறிஞ்சு, தகரம் முழுக்க ஒரே வீச்சுல ஆத்துப் பக்கமாப் படுத்துருச்சு. யாரும் தள்ளல. சாஞ்சோம், அவ்வளவுதான். பூசணிக்காய் உருண்டு போய் உளைக்குள்ள முங்கிருச்சு.

அப்ப எல்லாருக்கும் ரெண்டு கண்ணாலயும் தெரிஞ்சுச்சு, பாயைத் தவிர, அவருக்கு ஒண்ணே ரெண்டுக்குச் சமம். முன்னால டக்கு, நெஞ்சை நிமித்திக்கிட்டு, சேறு சொட்டச் சொட்ட, ஓராள் உசரத்துல ஆகாசத்துல வருது. சக்கரத்துக்குப் பின்னால கன்னியப்பன், தலைமுடி வரைக்கும் சேறு, பல்லு மட்டும் வெள்ளை. அவனுக்குப் பின்னால நாலு பார்ஜு, கோடு போட்ட மாதிரி, வளையாம நெளியாம. நாலாவது பார்ஜுக்குப் பின்னால, கயிறு எதுவும் இல்லாம, அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டு, ஆறு வந்துச்சு.

பாய்ஞ்சு வரல, பொங்கி வரல. டக்கு எந்த வேகத்துல வந்துச்சோ அதே வேகத்துல, கரைக்குக் கரை அகலமா, பழுப்புக் கலர்ல, ஆகாயத்தாமரை, மிதக்குற தேங்கா மட்டை, மேல் ஊருக் குப்பை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு, பார்ஜு நின்னா தானும் நிக்கத் தயாரா, இழுத்த இழுப்புக்கு வந்துச்சு. ஒத்தை டக்கு, நாலு பார்ஜு, ஒரு ஆறு. உலகத்துல எந்தச் சுக்கானியும் அவ்வளவு பாரத்தை இழுத்துக்கிட்டு வந்தது இல்லைன்னு மொய்தீன் பாய் சொன்னாரு, நாங்க ஒத்துக்கிட்டோம். கீழ துறையில பாக்க ஆள் இல்லாம மணல்ல உக்காந்திருந்த கப்பல் எல்லாம், தண்ணி வந்து அடியைத் தொடத் தொட, ஒண்ணு விடாம ஹாரன் அடிச்சுக்கிட்டே எழுந்திருச்சு நின்னுச்சு. பத்மநாபன் ஒத்தைக்கால் பூட்ஸோட குதிச்சுக்கிட்டு இருந்தாரு. "நாலாவது என்னுது! நாலாவது என்னுது!"ன்னு யாரும் கேக்காமலே எல்லார்கிட்டயும் சொன்னாரு.

மங்கை மட்டும் கத்தல. அவ டக்கு மேல வெச்ச கண்ணை எடுக்காம, கரையோட ஓடிக்கிட்டு இருந்தா. கால்ல என்ன இடறுதுன்னு பாக்கல, கல்லு, கயித்துச் சுருள், படுத்திருந்த நாய். அவளுக்கு முன்னால சனம் ஓடி ஓடி எல்லாத்தையும் இழுத்து ஒதுக்குச்சு. "வழி விடு! வழி விடு! கண்ணு குடுக்குறா!"ன்னு கத்திக்கிட்டே போச்சு. அவளும் டக்கும் ஒரே நேரத்துல படிக்கு வந்து சேர்ந்தாங்க. தண்ணி மொதப் படியை நனைச்சுச்சு, ரெண்டாவதை நனைச்சுச்சு, டக்கு மெல்ல அது மேல எறங்கி, நெசமாவே மிதந்துச்சு. கயித்தை நாலு பேரு பிடிச்சுக் கட்டினாங்க.

கன்னியப்பன் படியில கால் வெச்சு இறங்கினான். மங்கை பாத்துக்கிட்டே இருந்தா. கண்ணு ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி இருந்துச்சு.

"போதும்டி. கண்ணை மூடு."

"மூட மாட்டேன்."

"தண்ணி வந்துருச்சு பாரு. படகு மெதக்குது. இனிமே யாரும் பாக்க வேண்டாம்."

"படகை யாருய்யா பாத்தா?"

அவன் சேத்துக் கையைக் கைலியில துடைச்சான், துடைக்கத் துடைக்கச் சேறு கூடுச்சு, அந்தக் கையாலயே அவ கையைப் பிடிச்சான். ஊரு மொத்தமும் ஆத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு, பின்னால கப்பலுங்க அதுபாட்டுக்குப் போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு, யாரும் திரும்பல.

அப்பதான் மங்கை கண்ணை மூடினா. அவ மூடினதுக்கு அப்புறமும் அவன் அங்கேயே நின்னான்.